விண்மீனைச் சுற்றித் தூசித் தட்டு இருக்கிறதா? அகச்சிவப்புத் தரவை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

தூசித் தட்டுகளைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தட்டைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. அவர்கள் போடுவது ஒரு கழித்தல் கணக்கு. இந்த விண்மீன் தனியாக இருந்தால் 22 மைக்ரான் அலைநீளத்தில் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இவ்வளவு ஒளி வர வேண்டும்; வந்திருப்பதோ அதைவிடக் கூடுதல்; அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? இந்த மிச்சத்துக்கு அகச்சிவப்பு உபரி என்று பெயர். கழிப்பது பத்து நிமிட வேலை. மிச்சம் தூசியிலிருந்துதான் வந்ததா, வேறெங்கிருந்தாவது வந்து ஒட்டிக்கொண்டதா என்று தெளிவதற்குத்தான் நாள்கணக்கில் ஆகும்.

முதல் உபரி அகப்பட்ட விதமும் அப்படித்தான். 1983 ஜனவரியில் ஏவப்பட்ட ஐராஸ் விண்கலம் 12, 25, 60, 100 மைக்ரான் பட்டைகளில் வானத்தை அளந்தது. கருவியைச் சரிபார்க்க வைத்திருந்த விண்மீன்களில் ஒன்று வேகா. சரிபார்க்க வைத்த விண்மீனே 60, 100 மைக்ரானில் கணக்குக்கு மீறி ஒளிர்ந்தது. கருவிப் பிழை இல்லை என்று உறுதியான பிறகு, சுற்றிலும் குளிர்ந்த தூசி இருப்பது தெரியவந்தது. தொடர்ந்து ஃபோமல்ஹாட், பீட்டா பிக்டோரிஸ், எப்சிலான் எரிடானி ஆகியவையும் அதே பட்டியலில் சேர்ந்தன.

தூசி எந்த அலைநீளத்தில் தெரியும் என்பதற்கு ஒரு சுருக்குக் கணக்கு உண்டு. 3670-ஐத் தூசியின் வெப்பநிலையால் (கெல்வினில்) வகுத்தால், அது அதிக ஆற்றலை உமிழும் அலைநீளம் மைக்ரானில் கிடைக்கும். பூமி இருக்கும் தொலைவில் கிடக்கும் 280 கெல்வின் தூசிக்கு 13 மைக்ரான். நெப்டியூனுக்கு அப்பாலுள்ள பட்டை மாதிரியான 50 கெல்வின் தூசிக்கு 73 மைக்ரான். விண்மீனின் ஒளியோ இந்த நீண்ட அலைநீளங்களில் அலைநீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சரிந்துகொண்டே போகும். 12 மைக்ரானிலிருந்து 60 மைக்ரானுக்குப் போனால் 25-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் விண்மீனின் பளபளப்பில் மூழ்கிக் கிடக்கும் தூசி, அகச்சிவப்பில் விண்மீனையே மிஞ்சிவிடுகிறது.

என்னென்ன தேவை

சொந்தத் தொலைநோக்கி தேவையில்லை. இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது. 2.2 மைக்ரானுக்கு மேல் போனால் வானமும் தொலைநோக்கியும் அவற்றைத் தாங்கும் இரும்பும் எல்லாமே ஒளிர ஆரம்பித்துவிடும். 300 கெல்வினில் இருக்கும் எதுவும் 10 மைக்ரானை ஒட்டித்தான் அதிகம் ஒளிர்கிறது. மலையுச்சியில் இருக்கும் பெரிய தொலைநோக்கிகள்கூட 5 மைக்ரானுக்கு அப்பால் 8–13, 17–25 மைக்ரான் என்ற இரண்டு சாளரங்கள் வழியாக மட்டுமே எட்டிப் பார்க்கின்றன. 30-லிருந்து சில நூறு மைக்ரான் வரை தரையிலிருந்து பார்ப்பதற்கு அநேகமாக வழியே இல்லை.

நமக்கு வேண்டியது ஒரு கணினி, ஒரு விரிதாள் (பைத்தான் தெரிந்தால் இன்னும் நல்லது), இணைய இணைப்பு. தரவு முழுவதும் இலவசம். சிம்பாட் தளத்தில் விண்மீனின் பெயர், நிறமாலை வகை (எவ்வளவு சூடானது என்பதைக் குறிக்கும் எழுத்து), இடம் கிடைக்கும். விசியர் தளத்தில் எல்லா விண்மீன் அட்டவணைகளும் இருக்கின்றன. இர்சா காப்பகத்தில் வைஸ், ஸ்பிட்சர், ஐராஸ் விண்கலங்களும் தரையிலிருந்து நடந்த 2மாஸ் வான அளவீடும் எடுத்த அகச்சிவப்புப் படங்கள் உண்டு. படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க அலாதீன். தொலைவுக்கும் நகர்வுக்கும் கையா விண்கலத்தின் அட்டவணை. வோசா என்ற தளம் தரவு திரட்டுவதிலிருந்து மாதிரி பொருத்துவது வரை தானே செய்து கொடுத்துவிடும். ஆனால் முதல் மூன்று விண்மீன்களையாவது விரிதாளில் கையால் போட்டுப் பாருங்கள். எந்தப் புள்ளி எதனால் பிசகியது என்று வோசா சொல்லாது.

படி 1: எந்த விண்மீனை எடுப்பது

தொடக்கத்தில் மூன்று விண்மீன் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, தட்டு இருப்பதாக எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவது, அதே நிறமாலை வகையில் தட்டு எதுவும் இல்லாதது. மூன்றாவதுதான் உங்களுக்கு விடை தெரியாதது. நடுவில் இருப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தட்டு இல்லாத விண்மீனிலும் உங்கள் கணக்கு 8 விழுக்காடு உபரி காட்டினால், குறை வானத்தில் இல்லை, விரிதாளில் இருக்கிறது.

ஏ, எஃப், ஜி வகை முதன்மைத் தொடர் விண்மீன்கள் (சூரியனைப்போல் மையத்தில் ஹைட்ரஜனை எரிப்பவை), 100 பார்செக்குக்குள் (சுமார் 326 ஒளியாண்டு), பால்வழித் தளத்திலிருந்து விலகியவையாக இருந்தால் புதியவருக்கு வசதி. எம் வகைக் குறுமீன்களைக் கொஞ்ச காலம் தள்ளிவையுங்கள். அவற்றின் வளிமண்டலத்தில் மூலக்கூறுகள் நிறைய, மேலே சொன்ன வர்க்கச் சரிவுக் கணக்கு எடுபடாது. பெருமீன்களை வேண்டவே வேண்டாம். அவை தாமே வளியை ஊதித் தூசி உண்டாக்கும். அது உண்மையான தூசிதான், ஆனால் நாம் தேடும் தட்டு அல்ல. கையா தரும் இடமாறு கோணத்தை வைத்து உண்மைப் பொலிவைக் கணக்கிட்டால் பெருமீனா குறுமீனா என்று உடனே தெரிந்துவிடும். பி வகையில் உமிழ்வுக் கோடு காட்டும் விண்மீன்கள் இன்னொரு பொறி: அவற்றைச் சுற்றியுள்ள சூடான அயனி வளிமமே அகச்சிவப்பில் ஒளிர்ந்து தூசிபோல் ஏமாற்றும்.

படி 2: அளவுகளைத் திரட்டுவது

அட்டவணையிலிருந்து எண்ணை எடுப்பதற்கு முன் ஆண்டைப் பாருங்கள். 2மாஸ் 1997 முதல் 2001 வரை எடுக்கப்பட்டது. வைஸின் முக்கிய வான அளவீடு 2010. கையாவின் மூன்றாம் வெளியீட்டில் இருக்கும் இடங்கள் 2016-ஆம் ஆண்டுக்கானவை. அருகிலுள்ள விண்மீன் ஆண்டுக்கு ஒரு வில்விநாடி (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நகர்ந்தால், 2மாஸுக்கும் வைஸுக்கும் நடுவில் பத்து வில்விநாடி தள்ளிப்போயிருக்கும். பழைய இடத்தைக் கொடுத்து 3 வில்விநாடிக்குள் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அதைவிட மோசம், பக்கத்தில் இருக்கும் வேறொரு புள்ளி கிடைத்துவிடும். சுய இயக்கத்தைப் பெருக்கி, ஒவ்வொரு அட்டவணையின் ஆண்டுக்கும் இடத்தை மாற்றிய பிறகே தேடுங்கள்.

அடுத்தது தெவிட்டல். விண்மீன் மிகப் பிரகாசமாக இருந்தால் உணரி நிரம்பி வழிந்துவிடும். வைஸில் டபிள்யூ1 பட்டை (3.4 மைக்ரான்) 8.1, டபிள்யூ2 பட்டை (4.6) 6.7, டபிள்யூ3 பட்டை (12) 3.8, டபிள்யூ4 பட்டை (22) −0.4 பொலிவெண்ணிலேயே தெவிட்டத் தொடங்கும் (பொலிவெண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). அதற்கு மேலும் விண்மீனின் ஓரங்களை வைத்து அட்டவணை ஒரு மதிப்பைத் தரும். டபிள்யூ3, டபிள்யூ4-இல் அதை ஓரளவு நம்பலாம். டபிள்யூ2-இல் வேண்டாம்: பிரகாசமான விண்மீன்களை அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் பழக்கம் உடையது. வெறும் கண்ணுக்குத் தெரியும் விண்மீனில் 4.6 மைக்ரானில் மட்டும் உபரி என்று யாராவது சொன்னால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். 2மாஸிலும் சுமார் 5-ஆம் பொலிவெண்ணுக்கு மேல் பிரகாசமானவற்றுக்குப் பிழை 0.2–0.3 வரை போகும். அவற்றுக்குத் தரையிலிருந்து எடுத்த பழைய ஜான்சன் பட்டை அளவுகள் மேல்.

வைஸ் அட்டவணையில் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு தர எழுத்து உண்டு. ஏ என்றால் ஒளி இரைச்சலைவிடப் பத்து மடங்குக்கு மேல். பி என்றால் மூன்றிலிருந்து பத்து. யு என்றால் அளவீடே அல்ல, உச்சவரம்பு மட்டும். இந்த யு-வை அளவீடாக நினைத்து வரைபடத்தில் போட்டு, பிரமாதமான தட்டு கிடைத்துவிட்டது என்று குதிப்பது புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்வது. கலப்படக் கொடி என்று இன்னொரு பத்தி இருக்கும். அதில் நான்கு பட்டைக்கும் பூச்சியம் இருந்தால் சுத்தம். டி, எச், ஓ, பி எழுத்துகள் வந்தால் பக்கத்துப் பிரகாச விண்மீனின் ஒளிக்கதிர் முள், ஒளிவட்டம், உள்பிரதிபலிப்பு, உணரியில் தங்கிய பழைய ஒளி ஆகியவற்றின் பாதிப்பு. பெரிய எழுத்தாக இருந்தால் அந்தப் புள்ளியே போலியாக இருக்கக்கூடும்.

படி 3: எல்லாவற்றையும் ஜான்ஸ்கியாக்குவது

பொலிவெண்ணை ஒளிப்பாயமாக (அதன் அலகுதான் ஜான்ஸ்கி) மாற்ற: பூச்சிய அளவு (பொலிவெண் 0 உள்ள விண்மீனின் ஒளிப்பாயம்) × 10-இன் அடுக்கு (−0.4 × பொலிவெண்). 2மாஸின் ஜே, எச், கே பட்டைகளுக்குப் பூச்சிய அளவு முறையே 1594, 1024, 666.7 ஜான்ஸ்கி. வைஸின் நான்குக்கும் முறையே 309.54, 171.79, 31.67, 8.36 ஜான்ஸ்கி. டபிள்யூ4 பொலிவெண் சரியாக 5.00 என்றால் 0.0836 ஜான்ஸ்கி, அதாவது 84 மில்லி ஜான்ஸ்கி. உங்கள் விரிதாள் இந்த விடையைத் தருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

பிழையையும் சேர்த்து மாற்ற வேண்டும்: பொலிவெண்ணில் 0.01 பிழை என்றால் ஒளிப்பாயத்தில் ஏறத்தாழ 0.9 விழுக்காடு. அட்டவணை தரும் பிழை சீரற்ற இரைச்சல் மட்டுமே. இரண்டு கருவிகளின் அளவுத்திருத்தம் ஒன்றோடொன்று முழுவதும் ஒத்துப்போகாது. எனவே ஒவ்வொரு புள்ளிக்கும் குறைந்தது 2 விழுக்காடு, பழைய ஐராஸ் அளவுகளுக்குப் 10 விழுக்காடு எனக் கூடுதல் பிழையை வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். இதைச் செய்யாதவர்களின் பட்டியலில்தான் தட்டுகள் குவிகின்றன.

படி 4: விண்மீனை மட்டும் வரைவது

கணக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான். கிடைமட்டத்தில் அலைநீளம், செங்குத்தில் ஒளிப்பாயம், இரண்டும் மடக்கை அளவில். 0.4-லிருந்து 3.5 மைக்ரான் வரையான புள்ளிகளை மட்டும் வைத்து விண்மீன் மாதிரியைப் பொருத்துங்கள். 10 மைக்ரானுக்கு மேலுள்ளவற்றைப் பொருத்தத்தில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் மாதிரி அந்த உபரியையும் விழுங்கிக்கொண்டு, ஒன்றுமே மிஞ்சவில்லை என்று காட்டும்.

கரும்பொருள் வளைவு (வெப்பநிலையை மட்டும் வைத்து ஒளியைக் கணக்கிடும் பிளாங்க் வளைவு) போதுமா என்று கேட்பார்கள். படம் புரிவதற்குப் போதும். உபரி கண்டுபிடிப்பதற்குப் போதாது. ஏ வகை விண்மீனில் ஹைட்ரஜன் உறிஞ்சல் குட்டையான அலைநீளங்களைக் குடைந்துவிடும். அந்தப் புள்ளிகளில் கரும்பொருளைப் பொருத்தினால் வெப்பநிலை தவறி, 22 மைக்ரானில் பத்து விழுக்காட்டுக்கு மேல் பிசகலாம். குரூஸ் அல்லது ஃபீனிக்ஸ் வளிமண்டல மாதிரிகளை எடுங்கள். வோசாவில் இரண்டும் உண்டு. தொலைவில் இருக்கும் விண்மீனானால் இடையிலுள்ள தூசி மறைப்பையும் ஒரு மாறியாக விடவேண்டும். மறைப்பு நீல ஒளியைத் தின்றுவிடும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் விண்மீன் குளிர்ந்ததாகத் தோன்றி, அகச்சிவப்பில் எதிர்பார்ப்பு கூடி, உண்மையான உபரியே மறைந்துவிடக்கூடும்.

அவசரமாக ஒரு பார்வை போதுமென்றால்: ஏ முதல் ஜி வரையான குறுமீன்களுக்கு 2மாஸ் கே பொலிவெண்ணிலிருந்து டபிள்யூ4 பொலிவெண்ணைக் கழித்தால் பூச்சியத்தை ஒட்டி வர வேண்டும். 0.3 வந்தால் 22 மைக்ரானில் சுமார் 32 விழுக்காடு உபரி. எம் வகைக்கு இந்தச் சோதனையைப் போடாதீர்கள். தட்டு இல்லாமலே பூச்சியத்திலிருந்து விலகும்.

படி 5: மிச்சம் எவ்வளவு உறுதி

அளந்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, இரண்டின் பிழைகளையும் வர்க்கமாகக் கூட்டி வேர் எடுத்த எண்ணால் வகுங்கள். விடை 3-ஐத் தாண்டினால் உபரி என்பது பொதுவான வழக்கு. இருபது விண்மீனுக்கு இது சரி. பத்தாயிரம் விண்மீனைச் சல்லடை போட்டால், தட்டே இல்லாத 13–14 விண்மீன்கள் தற்செயலாக அந்தக் கோட்டைத் தாண்டும். பெரிய பட்டியலுக்கு 4 அல்லது 5 வையுங்கள். அல்லது மிச்சங்கள் எல்லாவற்றையும் பரவல் படமாக வரைந்து, எதிர்ப்பக்க (பூச்சியத்துக்குக் கீழான) வால் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். எதிர்ப்பக்கத்தில் தட்டு இருக்க முடியாது. அங்கே −4 வரை புள்ளிகள் இருந்தால் உங்கள் பிழை மதிப்பீடு குறைவு என்று பொருள்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. 12 மைக்ரானில் உபரி இருக்கிறது, 22-இல் இல்லை என்றால் ஏதோ தவறு. விண்மீனைவிடக் குளிர்ந்த எந்தத் தூசியும் நீண்ட அலைநீளத்தில் விண்மீனோடு ஒப்பிட்டால் கூடத்தான் வேண்டும். எனவே 22-இல் உபரி விழுக்காடு 12-இல் உள்ளதைவிடக் குறையக் கூடாது. 10 மைக்ரானை ஒட்டிப் பலமான சிலிக்கேட் உமிழ்வு இருந்தால் மட்டுமே இதற்கு விலக்கு; அதை உறுதிப்படுத்த நிறமாலை வேண்டும்.

படி 6: படத்தைப் பார்ப்பது

எண்கள் எவ்வளவு அழகாக வந்தாலும் படத்தைப் பார்க்காமல் தட்டு என்று எழுதிவிடாதீர்கள். 22 மைக்ரானில் வைஸின் தெளிவு 12 வில்விநாடி. அதாவது விண்மீனிலிருந்து ஆறேழு வில்விநாடி தள்ளி இருக்கும் எதுவும் அதன் கணக்கில்தான் ஏறும்.

அலாதீனைத் திறந்து, ஒரே இடத்தின் ஒளியியல் படம், 2மாஸ் கே, டபிள்யூ1, டபிள்யூ3, டபிள்யூ4 ஆகியவற்றை வரிசையாக அடுக்குங்கள். அவற்றின்மேல் பத்து வில்விநாடி ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டுங்கள். அலைநீளம் கூடக்கூட ஒளிப்புள்ளியின் நடு ஒரே இடத்தில் நிற்கிறதா? டபிள்யூ4-க்குப் போகும்போது இரண்டு மூன்று வில்விநாடி ஒருபக்கமாக நழுவினால், ஒளிர்வது விண்மீன் அல்ல, பின்னால் வெகுதொலைவில் இருக்கும் விண்மீன் திரள் (கேலக்ஸி). புள்ளி வட்டமாக இருக்கிறதா, நீண்டிருக்கிறதா? வட்டத்துக்குள் ஒளியியல் படத்தில் மங்கலாக இன்னொரு புள்ளி உண்டா? டபிள்யூ3, டபிள்யூ4-இல் மட்டும் சுற்றிலும் புகைபோல் இழை இழையாகத் தெரிகிறதா? தெரிந்தால் அது விண்மீனிடைத் தூசி. விண்மீனுக்கும் அதற்கும் உறவு இல்லாமல் இருக்கலாம், அல்லது விண்மீன் போகிற வழியில் அந்த மேகத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கலாம். 2014-இல் தொடங்கிய டிஸ்க் டிடெக்டிவ் என்ற பொதுமக்கள் ஆய்வுத் திட்டம் வைஸ் தரவை இப்படித்தான் சலித்தது: தன்னார்வலர்கள் படங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இயந்திரம் பொறுக்கிய வேட்பாளர்களில் பெரும்பாலானவற்றைத் தள்ளினார்கள். எம் வகை விண்மீன் ஒன்று சுமார் 4.5 கோடி ஆண்டு வயதிலும் தட்டை இழக்காமல் வைத்திருப்பது அந்தச் சல்லடையில்தான் அகப்பட்டது. வழக்கமாக ஒரு கோடி ஆண்டுக்குள் அந்த வகைத் தட்டு கலைந்துவிடும்.

பின்னணித் திரள்களின் அபாயத்தை எண்ணாகவும் போடலாம். சதுரப் பாகைக்கு எத்தனை திரள்கள் உங்கள் உபரி அளவுக்குப் பிரகாசமாக இருக்கின்றன என்று அதே பட்டையில், விண்மீனைச் சுற்றியுள்ள வெற்று வானத்தில் எண்ணுங்கள். 100 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 6 வில்விநாடி ஆர வட்டத்தின் பரப்பு 113 சதுர வில்விநாடி. ஒரு சதுரப் பாகையில் 1.296 கோடி சதுர வில்விநாடி உண்டு. ஒரு விண்மீனில் திரள் வந்து விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஒன்றே ஒன்றைப் பார்க்கிறவர் நிம்மதியாகத் தூங்கலாம். பத்தாயிரத்தைச் சலித்தவருக்கு ஏறத்தாழ ஒன்பது போலிகள் நிச்சயம்.

இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் வரும் சிக்கல் அல்ல. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்து 2023-இல் வெளியான ஃபோமல்ஹாட் படத்தில், வெளிவளையத்தின் ஓரத்தில் ஒரு பெரிய தூசி மேகம் தெரிந்தது. அது பின்னாலுள்ள திரளாகவே இருக்கக்கூடும் என்று மில்லிமீட்டர் அலைநீள அளவீடுகளை வைத்து அதே ஆண்டில் வாதிடப்பட்டது.

படி 7: வெப்பநிலையும் தொலைவும், ஒரு முழுக் கணக்கு

ஃபோமல்ஹாட்டையே எடுப்போம், கையால் போட்டாலும் பிசகாத உதாரணம். ஐராஸ் அட்டவணையில் அதன் அளவுகள் 12, 25, 60, 100 மைக்ரானில் சுமார் 18.2, 4.8, 9.0, 11.2 ஜான்ஸ்கி. பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது: இறங்கிக்கொண்டே போக வேண்டிய எண் 60-இல் திரும்பி ஏறுகிறது.

முதலில் நிறத் திருத்தம். பட்டை அகலமானது, அதற்குள் ஒளி எப்படிச் சரிகிறது என்று ஐராஸ் அட்டவணை ஓர் அனுமானம் வைத்திருக்கிறது. சூடான விண்மீனுக்கு அந்த அனுமானம் பொருந்தாது. 12 மைக்ரான் எண்ணை சுமார் 1.4-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 13 ஜான்ஸ்கி. இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் விண்மீனின் எதிர்பார்ப்பு 40 விழுக்காடு ஊதிப்போகும்.

12 மைக்ரானில் 13 என்றால், 60-இல் விண்மீனிடமிருந்து 13 ÷ 25, அதாவது 0.5 ஜான்ஸ்கி. 100-இல் 0.2. கழித்தால் தூசிக்கு 60-இல் 8.5, 100-இல் 11.0. விகிதம் 0.77.

இப்போது விரிதாளில் பிளாங்க் விகிதத்தைப் போடுங்கள். ஒரு அலைநீளத்துக்கான மதிப்பு: 1-ஐ அலைநீளத்தின் முப்படியால் வகுத்து, மேலும் (இயற்கை அடுக்கு, அதாவது விரிதாளின் EXP [14388 ÷ (அலைநீளம் × வெப்பநிலை)] − 1) என்பதால் வகுக்க வேண்டும், அலைநீளம் மைக்ரானில், வெப்பநிலை கெல்வினில். 60-க்கும் 100-க்கும் உள்ள விகிதம் 50 கெல்வினில் 0.65, 55-இல் 0.76, 60-இல் 0.87. நம் 0.77 விழுவது 55 கெல்வினை ஒட்டி. இரண்டு அளவுகளிலும் பத்துப் பத்து விழுக்காடு பிழை இருப்பதால் ஐந்து கெல்வின் முன்பின் ஆகலாம்.

தொலைவுக்கு: (278 ÷ வெப்பநிலை)-இன் வர்க்கம் × விண்மீனின் ஒளிர்திறனின் வர்க்கமூலம். ஒளிர்திறன் சூரியனைப்போல் 16.6 மடங்கு. விடை 104 வானியல் அலகு, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைப்போல் 104 மடங்கு. வெப்பநிலைப் பிழையைச் சேர்த்தால் 87 முதல் 126 வரை. ஹபிள் தொலைநோக்கி 2005-இல் காட்டிய உண்மையான வளையம் சுமார் 140 வானியல் அலகில் இருக்கிறது. கணக்கு ஏன் குறைத்துச் சொன்னது? சிறு தூசித் துகளால் தன்னைவிட நீண்ட அலைநீளத்தில் திறமையாக ஒளிர முடியாது. வாங்கிய வெப்பத்தை வெளியே விட முடியாமல், அந்த இடத்துக்கு உரியதைவிடச் சூடாக இருக்கும். நாமோ சூட்டைப் பார்த்து விண்மீனுக்குப் பக்கத்தில் இருப்பதாக நினைக்கிறோம். எனவே கரும்பொருள் தொலைவை எப்போதும் குறைந்தபட்சம் என்றே எழுதுங்கள். பல தட்டுகளில் உண்மைத் தொலைவு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்கூட இருக்கிறது.

அடுத்தது ஒளிர்திறன் பங்கு: விண்மீன் ஒளியில் எத்தனை பங்கைத் தூசி பிடித்து மறுபடி உமிழ்கிறது? இரண்டு உச்சிகளிலும் ஒளிப்பாயத்தை அலைநீளத்தால் வகுத்து ஒப்பிட்டால் போதும். தூசியின் உச்சி 67 மைக்ரானில் சுமார் 9.5 ஜான்ஸ்கி, வகுத்தால் 0.14. விண்மீனுக்கு 0.44 மைக்ரானில் சுமார் 1300 ஜான்ஸ்கி, வகுத்தால் 2950. விகிதம் லட்சத்தில் ஐந்து பங்கு. பீட்டா பிக்டோரிஸுக்கு இது ஆயிரத்தில் இரண்டு. நம் சூரிய மண்டலத்தின் வெளிப்பட்டைக்குக் கோடியில் ஒன்று என்ற அளவு. அதை வேறொரு விண்மீனைச் சுற்றி வைத்தால் நம் உபரிக் கணக்கில் சிக்கவே சிக்காது.

இந்தப் பங்கு நூறில் ஒன்றை நெருங்கினால் நீங்கள் பார்ப்பது வளிமம் நிறைந்த, கோள்கள் உருவாகிக்கொண்டிருக்கும் இளம் தட்டாக இருக்கலாம். அங்கே கணக்கு வேறு. அவற்றை 2-லிருந்து 20 மைக்ரான் வரையான ஆற்றல் வளைவின் சரிவை வைத்து வகை பிரிப்பார்கள்: மடக்கை அளவில் −1.6-க்கும் கீழே என்றால் மூன்றாம் வகை, −1.6 முதல் −0.3 வரை இரண்டாம் வகை, 0.3-க்கு மேல் முதல் வகை. ஆயிரத்தில் ஒன்றும் அதற்குக் கீழும் பெரும்பாலும் சிதைவுத் தட்டு. மோதி உடைந்த பாறைகளின் பொடி.

22 மைக்ரானில் மட்டும் உபரி கிடைத்தால்

புதியவர்களுக்கு அடிக்கடி அகப்படுவது இந்த நிலைதான். ஒரே புள்ளியை வைத்து வெப்பநிலை சொல்ல முடியாது, வரம்பு சொல்லலாம். 22-இல் 50 விழுக்காடு உபரி, 12-இல் உபரி 5 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்றால், இரண்டு பட்டைகளிலும் தூசியின் ஒளி விகிதம் 0.37-ஐத் தாண்டாது. பிளாங்க் விகிதத்தில் அது சுமார் 200 கெல்வின். தூசி அதைவிடக் குளிர்ந்தது. எவ்வளவு குளிர்ச்சி என்று இந்தத் தரவு சொல்லாது. சரியாக 150 கெல்வின் என்று எழுதிவிடும் சபலத்தை அடக்குங்கள்.

விடை 70 மைக்ரானுக்கு அப்பால் இருக்கிறது. 2003 முதல் 2020 வரை இயங்கிய ஸ்பிட்சர் 24, 70, 160 மைக்ரானிலும், 2009 முதல் 2013 வரை இயங்கிய ஹெர்ஷல் 70, 100, 160 மைக்ரானிலும் ஏராளமான அருகு விண்மீன்களைப் பார்த்திருக்கின்றன. இரண்டின் காப்பகங்களிலும் உங்கள் விண்மீனின் இடத்தைக் கொடுத்துத் தேடுங்கள். ஹெர்ஷலின் கண்ணாடி 3.5 மீட்டர், 70 மைக்ரானில் அதன் தெளிவு ஆறு வில்விநாடிக்குள் இருப்பதால் பக்கத்துத் திரள் பிரிந்து தெரியும். அங்கும் ஒன்றும் தெரியவில்லை என்றால் உச்சவரம்பை எடுத்து அதே வரைபடத்தில் கீழ்நோக்கிய அம்பாகப் போடுங்கள்; 30 கெல்வின், 40 கெல்வின் வளைவுகளை அது வெட்டிவிடும். தரவே இல்லாத விண்மீனானால் அந்தப் பத்தி வெற்றாகவே இருக்கட்டும்.

கடைசியாகப் பதிவேடு. ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒரு வரி: இடம், எந்த ஆண்டுக்கான இடம், எடுத்த ஒவ்வொரு புள்ளியும் அதன் தர எழுத்தும், பொருத்தத்தில் சேர்த்தவை எவை, விட்டவை எவை, சேர்த்த கூடுதல் பிழை, மாதிரியின் வெப்பநிலை, உபரியின் உறுதி, படம் பார்த்த நாள், படத்தில் கண்டது. தள்ளிய விண்மீன்களுக்கும் இதே வரி வேண்டும், காரணத்தோடு: டபிள்யூ4-இல் நடு 3 வில்விநாடி வடகிழக்கே நழுவியது, என்பதுபோல. சுய இயக்கம் அதிகமுள்ள விண்மீனானால் சில ஆண்டுகள் கழித்து எடுத்த புதிய படத்தில் அந்த வரியைச் சோதித்துப் பார்க்கலாம். விண்மீன் நகர்ந்திருக்கும், பின்னணித் திரள் இருந்த இடத்திலேயே நிற்கும்.